திமிங்கலம் பார்க்க எந்தக் கரை, எந்தப் படகு?

இலங்கைக்குப் போய்த் திமிங்கலம் பார்த்துவிட்டு வந்தோம் என்று சொன்னதும் மயிலாப்பூரில் இருக்கும் அக்கா முதல் அலுவலகத் தோழிகள் வரை எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: "எந்தக் கம்பெனியில் பதிவு செய்தாய்? எண்ணைக் கொடு." எண்ணைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு தவறான மாதத்தில் தவறான கரையில் போய் நின்றால் பணமும் போகும், பிள்ளைகளின் முகமும் வாடும். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். முதலில் மாதத்தைப் பார்க்க வேண்டும், அடுத்து கரையை, அதற்கும் அடுத்து படகோட்டியின் குணத்தை. நிறுவனத்தின் பெயர் இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான்.

இவ்வளவு நீளமான கடற்கரையை வைத்துக்கொண்டு சென்னையிலேயே பார்க்க முடியாதா என்றும் கேட்கிறார்கள். முடியாது என்பதற்குக் காரணம் ஆழம். மெரினாவுக்கு எதிரே கடலின் தரை மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. பெரிய திமிங்கலங்கள் இரை தேடும் ஆழத்தை எட்ட வெகுதூரம் போக வேண்டும். முட்டுக்காட்டில் படகு விடுகிறார்கள் என்றாலும் அது உப்பங்கழி. கோவளம் பக்கம் மீன்பிடிக்கப் போகிறவர்கள் ஓங்கில்களை, அதாவது டால்பின்களை, அவ்வப்போது பார்க்கிறார்கள். நமக்குத் திமிங்கலம் என்றால் பெரும்பாலும் கரையொதுங்கிய செய்திதான். 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. என் மகளுக்கு இந்த ஆசை பிடித்தது அங்கேதான்.

இலங்கையில் நிலைமை வேறு. தெற்கு முனையான தெய்வேந்திரமுனைக்கு அருகில் கடல் சட்டென்று ஆழமாகிவிடுகிறது. திருகோணமலையிலோ கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுக வாய் வரைக்குமே நீண்டு வருகிறது. ஆழத்திலிருந்து சத்துள்ள நீர் மேலே வருவதால் கூனிறால் போன்ற பொடி உயிர்கள் பெருகுகின்றன. உலகில் இதுவரை வாழ்ந்தவற்றிலேயே மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கலம் அவற்றைத் தின்றுதான் உயிர் வாழ்கிறது. மற்றக் கடல்களில் இவை இரைக்குக் குளிர்ந்த துருவப் பகுதிக்கும் ஈற்றுக்கு வெப்பக் கடலுக்கும் போய்வரும் என்று படித்திருப்போம். இலங்கையைச் சுற்றியுள்ள கூட்டம் அப்படிப் போவதில்லை, வெப்பக் கடலிலேயே இரை தேடுகிறது. 2003-இல் ஆய்வுக் கப்பலில் இருந்த ஆஷா டி வோஸ் என்ற இலங்கைக் கடல் உயிரியலாளர், நீரில் மிதந்த திமிங்கலத்தின் செந்நிறக் கழிவைப் பார்த்து, இவை இங்கேயே உண்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். பின்னாளில் அதையே தன் ஆராய்ச்சியாக்கிக்கொண்டார். இரை இருக்கும் இடத்தில்தான் விலங்கு இருக்கும். படகில் நாம் போய் நிற்பது அதன் சாப்பாட்டு வேளையில். இது மனதில் இருந்தால் எந்தப் படகு நல்ல படகு என்று தெரிந்துகொள்வது எளிது.

மாதத்துக்கு வருகிறேன். சென்னைக் குடும்பங்களுக்கு வெளியூர் போக வாய்ப்பது அரையாண்டு விடுமுறை, பொங்கல், மே மாதம் ஆகிய மூன்றும்தான். மே நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பர் வரை இலங்கையின் தெற்குக் கரையையும் மேற்குக் கரையையும் புரட்டி எடுக்கிறது. கிழக்குக் கரை அப்போது தீவின் மறைவில் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது அப்படியே தலைகீழாகிவிடும். ஆகவே டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை தெற்கே மிரிஸ்ஸா, கோடை விடுமுறையில் கிழக்கே திருகோணமலை. டால்பின்களைக் கூட்டங்கூட்டமாகப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு மேற்குக் கரையில் கற்பிட்டி இருக்கிறது. அதற்கும் டிசம்பர் முதல் மார்ச் வரைதான் பருவம்.

இதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம். தி.நகரில் ஒரு பயண முகவர் மே கடைசி வாரத்தில் மிரிஸ்ஸாவுக்கு ஒரு திட்டத்தைப் போட்டுக் கையில் கொடுத்தார். "அந்த மாதத்தில் அங்கே கடல் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். "படகு ஓடுகிறது மேடம், கவலைப்படாதீர்கள்" என்றார். படகு ஓடும்தான். அதில் வயதானவரும் குழந்தையும் உட்கார முடியுமா என்பதல்லவா கேள்வி? காசிமேட்டில் என் கணவருக்குத் தெரிந்த மீனவப் பெரியவர் ஒருவரிடம் விவரத்தைச் சொன்னோம். இலங்கைத் தெற்குக் கரைப் பக்கம் அவர் போனதே இல்லை. ஆனாலும் காற்றின் திசையைக் கேட்டுக்கொண்டு, "காற்று கடலிலிருந்து நேராகக் கரைக்கு அடிக்கிற காலத்தில் பொழுதுபோக்குக்குப் படகேறக்கூடாது, அம்மா" என்று சொல்லிவிட்டார். அந்தத் திட்டம் அன்றோடு முடிந்தது.

முதலில் நாங்கள் மிரிஸ்ஸாவுக்குப் போனது ஒரு பொங்கல் விடுமுறையில். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆவதில்லை. அங்கிருந்து தெற்கே விரைவுச்சாலையில் காரில் போகலாம், கடலை ஒட்டிச் செல்லும் ரயிலிலும் போகலாம். நேரம் இருந்தால் ரயிலைத்தான் சொல்வேன். காலி என்ற ஊர் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே அலைதான். காலிக் கோட்டையைப் பார்த்துவிட்டு, வெலிகமவில் தங்கி, விடியற்காலையில் மிரிஸ்ஸா மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகலாம். படகுகள் ஆறரை மணி வாக்கில் கிளம்புகின்றன.

எங்களுடையது இரண்டு தளங்கள் கொண்ட பெரிய படகு. கழிப்பறை இருந்தது, நிழல் இருந்தது, காலைச் சிற்றுண்டி கொடுத்தார்கள், உயிர்காப்பு அங்கியும் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போன பிறகு தொலைவில் ஒரு வெண்ணிற நீர்த்தூண் எழுந்தது. நீலத் திமிங்கலத்தின் மூச்சு ஒன்பது மீட்டர் உயரம் வரை செங்குத்தாக எழும். விந்துத் திமிங்கலம் என்றால் முன்பக்கமாக, இடப்புறம் சாய்ந்து வெளிவரும். கூச்சல் கிளம்பியது. ஓட்டுநர் ரேடியோவில் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் நாலா பக்கமும் இருந்து படகுகள் அந்த ஒரு தூணை நோக்கிப் பாய்ந்தன. எங்கள் படகு அதன் பாதைக்குக் குறுக்கே போய் நின்றது. திமிங்கலம் மறுபடி ஒருமுறைதான் மூச்சு விட்டது, அப்படியே உள்ளே போய்விட்டது. ஓட்டுநர் திசையைக் கணித்து அடுத்த இடத்துக்குப் படகை விரட்டினார். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். டீசல் புகையில் மகளுக்குக் குமட்டல் வந்துவிட்டது. படகில் பாதிப் பேர் கைதட்டினார்கள். "அது மேலே வந்தால் நாம் ஏன் அம்மா அதன் வழியை மறிக்கிறோம்?" என்று மகள் கேட்டாள். எனக்கும் கோபம் அதுதான்.

அந்தக் கோபம் நியாயமானது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நீலத் திமிங்கலம் இரைக்காக ஆழத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் மூழ்கி இருக்கும். மேலே வந்ததும் சில நிமிடங்கள் அடுத்தடுத்து மூச்சு விட்டு, இழந்த பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டுதான் மறுபடி இறங்கும். குறுக்கே படகு வந்தால் மூச்சை முடிக்காமலே மூழ்கிவிடும். நாள் முழுவதும் இப்படியே நடந்தால் அது உண்பது குறையும். இலங்கை அரசு 2012-இல் கடல் பாலூட்டிகளைப் பார்ப்பதற்கென்றே விதிகள் கொண்டுவந்தது. நூறு மீட்டருக்குள் நெருங்கக்கூடாது, விரட்டக்கூடாது என்பவை அதில் இருக்கின்றன. விதி இருந்தும் கடலில் கண்காணிக்க ஆள் வேண்டுமே. கடைசியில் அது படகை ஓட்டுகிறவரின் மனசாட்சியில்தான் வந்து நிற்கிறது.

அன்று பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சற்றுத் தெற்கே, அடிவானத்தில் சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே செல்வது உலகின் மிக நெருக்கடியான கப்பல் வழிகளில் ஒன்று. திமிங்கலங்கள் இரை தேடும் இடமும் அதுதான் என்பதால் கப்பல் மோதி அவை இறக்கின்றன. எம்.எஸ்.சி. என்ற மாபெரும் கப்பல் நிறுவனம் 2022-இல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலகிப் போக வைத்தது. ஆனால் பொதுவான கப்பல் வழி பழைய இடத்திலேயே இருக்கிறது. இதில் நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். பாக் நீரிணையும் ராமர் பாலமும் பெரிய கப்பல் போகும் ஆழம் இல்லாதவை. மேற்கிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் வரும் கப்பல்கள் இலங்கையைச் சுற்றி அந்த வழியாகத்தான் வர வேண்டும். நம் வீட்டில் இருக்கும் பொருட்களில் சில அந்தத் திமிங்கலங்களின் தலைக்கு மேலாக வந்தவை. ராயபுரம் பாலத்தில் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வருகிறது.

திருகோணமலைக்குப் போக வேண்டும் என்று முதலில் சொன்னது மாமனார். ஞானசம்பந்தர் பாடிய தலமான கோணேசர் கோவிலைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்தக் கோவில் நிற்கும் பாறையிலிருந்தே சில நாட்களில் திமிங்கலம் மூச்சு விடுவது தெரியும் என்று நான் படித்திருந்தேன். அத்தைக்கும் மாமாவுக்கும் கோவில், மகளுக்குத் திமிங்கலம், கோடை விடுமுறைக்குப் பொருந்திய கரை. சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் இருப்பதால் யாழ்ப்பாணம் போய் அங்கிருந்து காரில் இறங்கினோம். கடவுச்சீட்டோடு இலங்கையின் இணையவழிப் பயண அனுமதியும் தேவை. அரசுத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், அதே போலத் தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் பறிக்கும் தளங்களும் இருக்கின்றன.

இந்த முறை படகை நான் சென்னையிலிருந்து பதிவு செய்யவில்லை. திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் நாங்கள் தங்கிய விடுதிக்காரரிடம் கேட்டு, மாலையில் கடற்கரைக்கே போய், படகோட்டிகளிடம் நேரில் பேசினேன். நம் மொழியிலேயே பேச முடிந்தது பெரிய வசதி. என் முதல் கேள்வி, "எவ்வளவு கிட்டே கூட்டிப் போவீர்கள்?" என்பது. முதலில் பேசியவர், "தொட்டுப் பார்க்கிற தூரத்துக்கே கொண்டுபோகிறேன், விருப்பம் என்றால் கூடவே நீந்தலாம்" என்றார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன். இரண்டாமவர் உத்தரவாதம் கொடுத்தார்: திமிங்கலம் நிச்சயம், இல்லையென்றால் பணம் வேண்டாம் என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்தால்தான் கூலி என்ற நிலையில் இருப்பவர் எப்பாடுபட்டாவது விரட்டிக் காட்டத்தானே பார்ப்பார்? பார்க்க முடியாவிட்டால் மறுநாள் குறைந்த கட்டணத்தில் கூட்டிப் போகிறேன் என்பவரை நம்பலாம், நிச்சயம் காட்டுகிறேன் என்பவரை நம்ப என்னால் முடியவில்லை.

மூன்றாவதாகப் பார்த்தவர் வலையை மடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை அண்ணா என்று கூப்பிட்டோம், அவர் என்னைத் தங்கச்சி என்றார். "நூறு மீட்டருக்கு முன்பே எஞ்சினை அணைத்துவிடுவேன். அது நம் பக்கம் வந்தால் நம் நல்ல காலம். வராவிட்டால் அங்கேயிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால் வாருங்கள்" என்றார். காற்று எழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பத்து மணிக்குப் பிறகு கச்சான் காற்று பிடிக்கும். கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று, திரும்பி வரும்போது எதிர்க்காற்று. ஒன்பதரைக்குத் திரும்பிவிடுவேன், எதுவும் பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும்." அப்போதே முடிவு செய்துவிட்டேன். திரும்பும் நேரத்தைக் கறாராகச் சொல்கிறவர் கடலை அறிந்தவர்.

பேச்சோடு நிற்காமல் படகையும் பார்க்கக் கேட்டேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. குழந்தைகளுக்கான அளவில் உயிர்காப்பு அங்கி உண்டா என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். எடுத்துக் காட்டச் சொல்லி, மகளுக்குப் போட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தேன். காதுக்கு மேலே ஏறினால் அது பெரியவர்களுடையது, தண்ணீரில் விழுந்தால் பிள்ளை நழுவிவிடும். கால்கள் வழியாக வரும் பட்டை இருந்தால் நல்லது. இடையில் எஞ்சின் நின்றால் இன்னொன்று உண்டா, கரையில் யாரிடம் தகவல் சொல்லிவிட்டுப் போகிறீர்கள் என்பவற்றையும் கேட்டேன். சிறிய ஃபைபர் படகு அலைமேல் மோதி மோதித்தான் போகும். முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதில் ஏறவே கூடாது. அத்தைக்கு முழங்கால் வலி என்பதால் கோவிலிலேயே இருந்துகொண்டார். மாமாவைப் படகின் பின்பக்கம், எஞ்சினுக்குச் சற்று முன்னால் உட்கார வைத்தோம். அங்கே ஆட்டம் குறைவு. முன்பக்கத்தில்தான் அடி அதிகம். வயதானவர்களையும் கழிப்பறை தேவைப்படுகிறவர்களையும் அழைத்துக்கொண்டு போவதாக இருந்தால் மிரிஸ்ஸாவின் பெரிய படகே மேல் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுநாள் விடியும் முன்பே கிளம்பினோம். கடல் அசைவற்றுக் கிடந்தது. கரைக்குப் பின்னால் சூரியன் இல்லை, முன்னால் கடலிலிருந்து எழுந்தது. நெடுநேரம் ஒன்றும் இல்லை. மாமா பதிகம் சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று அண்ணா எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் காட்டினார். தொலைவில் தூண் எழுந்து காற்றில் கலைந்தது. அவர் படகை நகர்த்தவே இல்லை. "எந்தப் பக்கம் போகிறது பார்ப்போம்" என்றார். அடுத்த மூச்சு கிட்டே. அதற்கடுத்தது இன்னும் கிட்டே. எஞ்சின் ஓசை இல்லாததால் அந்த மூச்சின் சத்தம் அப்படியே கேட்டது. பெரிய குழாயில் காற்றைத் திறந்துவிட்டது போன்ற ஒரு வெடிப்பும், அதைத் தொடர்ந்து உள்ளே இழுக்கும் நீண்ட சத்தமும். மீன் வாடை கலந்த ஈரம் முகத்தில் பட்டது. நீருக்கு அடியில் முதலில் தெரிந்தது நிறம். சாம்பல் உடம்புதான், ஆனால் நீருக்குள் அது வெளிர்பச்சை கலந்த நீலமாக ஒளிர்ந்தது. முதுகு உருண்டு உருண்டு போய்க்கொண்டே இருந்தது, முடிவே இல்லையோ என்று தோன்றும் வரை. அத்தனை பெரிய உடம்பில் கடைக்கோடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துடுப்பு தெரிந்தது. கடைசியில் வால் எழுந்தது. எல்லா முறையும் எழாது, எங்களுக்கு வாய்த்தது. அது இறங்கிய இடத்தில் நீர்ப்பரப்பு இஸ்திரி போட்ட வேட்டியாய் வழவழவென்று வட்டமாக நின்றது. சுற்றிலும் சிற்றலைகள் இருந்தும் அந்த வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. வால் வீச்சில் மேலே தள்ளப்படும் நீரால் வருவது அது. திமிங்கலம் போன பாதையை அதை வைத்தே அண்ணா கணித்தார்.

மாமா கைகூப்பிக்கொண்டிருந்தார். மகள் செல்பேசியை எடுக்கவே இல்லை. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து கடலாமை முட்டைகளைக் காப்பாற்றும் மாணவர் அமைப்போடு அவள் ஒருமுறை நடந்திருக்கிறாள். ஆமைக்கு முன்னால் நிற்காதே, வெளிச்சம் அடிக்காதே, அது வேலையை முடிக்கட்டும் என்று அங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். கடலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குமட்டலைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம். பயணக் குமட்டலுக்கான மாத்திரையைப் படகேறிய பிறகு போட்டால் பயனில்லை. முன்னிரவிலோ புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்போ போட வேண்டும். குழந்தைகளுக்கும் மற்ற மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது, தூக்கம் வரும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். அடிவானத்தைப் பாருங்கள், செல்பேசியைக் குனிந்து பார்ப்பதே பாதிக் குமட்டலுக்குக் காரணம். பெரிய படகில் மேல்தளத்தில் காட்சி நன்றாக இருக்கும், ஆட்டமும் அங்கேதான் அதிகம். தொலைநோக்கி கொண்டுபோவதாக இருந்தால் ஏழு அல்லது எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும், அதற்கு மேல் போனால் படகாட்டத்தில் ஒன்றும் நிலையாகத் தெரியாது. முழுக்கைச் சட்டை, கயிறு வைத்த தொப்பி, குடிநீர். தேனீர்க்கடை கடலில் கிடையாது.

செலவில் ஒன்றைக் கவனியுங்கள். மிரிஸ்ஸாவில் பெரிய படகுகளில் வெளிநாட்டவருக்குத் தலைக்கு 40 முதல் 60 அமெரிக்க டாலர் வரை கேட்டார்கள். அதைவிடப் பாதி விலை சொல்கிறவர் எதில் மிச்சம் பிடிக்கிறார் என்று யோசித்தாலே போதும். ஆளைக் கூட்டி ஏற்றுவார், அல்லது பழைய அங்கிகளை வைத்திருப்பார். திருகோணமலைச் சிறு படகில் படகுக்கு மொத்தமாகக் கூலி பேசுகிறார்கள், அதனால் குடும்பமாகப் போனால் நமக்கு வசதி. அவசரப்படுத்தும் மற்றப் பயணிகளும் இல்லை.

பயணத் திட்டத்தில் திமிங்கலத்துக்கான காலையைத் தங்கும் நாட்களின் தொடக்கத்தில் வையுங்கள். கடல் ஒத்துழைக்காவிட்டால் அடுத்த காலை கையில் இருக்க வேண்டும். கடைசி நாளில் வைத்துக்கொண்டால் காற்று அடித்தாலும் போயே தீர வேண்டும் என்று நாமே படகோட்டியை நெருக்குவோம். மீதி நேரத்துக்குத் திருகோணமலையில் குறையே இல்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் திரிகின்றன, கன்னியாவில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன, புறாத்தீவில் பவளப் பாறைகள் இருக்கின்றன. அங்கே பவளத்தின் மேல் கால் வைக்காமல் மிதந்து பாருங்கள். மற்றொன்று, எங்கேயாவது யாராவது திமிங்கல அம்பர் (விந்துத் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் மெழுகு போன்ற பொருள்) என்று ஒரு கட்டியைக் காட்டினால் தொடவே வேண்டாம். திமிங்கலங்கள் இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அம்பரோடு விமான நிலையத்தில் பிடிபட்டால் சிறைதான்.

எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டு அக்கா அக்டோபரில் ஆயுதபூஜை விடுமுறையோடு நான்கு நாள் சேர்த்துப் போகலாமா என்று போன வாரம் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு பருவக்காற்று முடிந்து அடுத்தது தொடங்கும் காலம் அது, எந்தக் கரையையும் நம்ப முடியாது, மாலைதோறும் இடியும் மழையும் இருக்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மிரிஸ்ஸாவுக்குப் போகச் சொன்னேன். பெரிய படகில்தான், ஏனென்றால் அவருடைய பையனுக்கு நான்கு வயது. பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் ஒரு கேள்வி மட்டும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்: மற்றப் படகுகள் சூழ்ந்து நின்றால் உங்கள் ஓட்டுநர் என்ன செய்வார்? விலகிப் போய் வேறு இடத்தில் காத்திருப்பார் என்ற பதில் வரும் வரை அடுத்த எண்ணுக்குப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.